விசேட சித்தி பெற்ற வீடு

செல்வரத்தினம் தன் வாழ்நாளில் பார்த்த முதல் ‘டி’ அது. அவர் எடுத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. புலம்பெயர்ந்து வந்த ஊரான பிளேஸ்டோவில் வாடகைக்கு விட இருந்த அவருடைய வீடு எடுத்தது. யாழ்ப்பாணத்தில் ஓ.எல். சோதனையில் ‘டி’ என்றால் விசேட சித்தி, அதற்கு மேலே தேர்ச்சி இல்லை. அங்கே அவருக்குக் கிடைத்தவை எல்லாம் அதற்கு இரண்டு எழுத்துத் தள்ளி, ‘எஃப்’.

2009 பெப்ரவரி. வீடு எவ்வளவு சூட்டை வீணாக்குகிறது என்ற சான்றிதழை, வாடகைக்குப் பார்க்க வருகிறவர்களுக்கு உரிமையாளர் காட்டியே ஆக வேண்டும் என்று முந்தைய ஒக்டோபரில் சட்டம் வந்திருந்தது. அளந்து போனவர் போனில் “டி” என்று சொன்னதும், தபாலில் வந்த தாளைச் செல்வரத்தினம் வாசிக்காமலே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தார். நல்ல பெறுபேற்றை யார் சரிபார்ப்பார்கள்?

ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்திருந்த இம்மாகுலேற் வீடு பார்க்க வந்தாள். நாலு வயது மகளுக்கு மூச்சிழுப்பு. இப்போது இருக்கும் அறையின் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அவள் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான்.

“பாருங்கோ தங்கச்சி, டி! டிஸ்டிங்ஷன்!”

அவள் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அண்ணை, இது ஏயில தொடங்கி ஜீயில முடியுது. உங்கட வீடு ஏழு பேரில நாலாம் பிள்ளை.”

“நாலாம் பிள்ளையோ?”

“ஓம். சூடு போகாமல் இருக்கக் கூரைக்குள்ள போட்ட பஞ்சின்ர தடிப்புக் காணாது எண்டும் எழுதியிருக்கு.”

செல்வரத்தினத்தின் காது சுட்டது. அந்த வீட்டில் அப்போது சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

“காட்டத்தானே சட்டம், தங்கச்சி. திருத்தச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை.”

உண்மைதான். ஆனாலும் சொல்லி முடித்ததும் அவருக்கே வாய் புளித்தது.

“ஓம் அண்ணை, நீங்கள் செய்யவேணுமெண்டு இல்லை. எனக்குத்தான் ஏலாது. போன கிழமையும் பிள்ளையோட ஆஸ்பத்திரியில.” தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

அவர் பின்னாலேயே ஓடினார். “கொஞ்சம் நில்லுங்கோ. சனிக்கிழமைக்குள்ள பஞ்சு போடுறன். நானே ஏறுவன்.”

“இந்த வயித்தோடயோ? கூரைக்கு ஏறுற அந்த ஓட்டைக்குள்ளாலயோ?”

“வயிறு என்ர பிரச்சினை. மகள் எந்த அறையில படுப்பா?”

இம்மாகுலேற் வாசலிலேயே நின்றாள். “எடுத்தால், பின்னறையில.”

“அப்ப அதுக்கு மேலயிருந்து தொடங்குறன்.”

பின்னறையை இன்னொரு தடவை பார்க்க அவள் உள்ளே திரும்பினாள்.