டெல்சி கேட்டால் சிரிப்பாள்

"எங்க எஜமான் மாதிரி ஒரு மனுசன் இனிமேதான் பொறந்து வரணும், மிஸ்" என்று அம்மா சொன்னதும் என் கை நின்றுவிட்டது. முற்றத்தில் துணி வெளுக்கிற கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் யார் வீட்டுப் போர்வைகளோ. துழாவுகிற கட்டையைப் பிடித்தபடி நான் வாசல் பக்கம் காதை நீட்டினேன். எங்கள் வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் மிஸ் அடிலெய்ட் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. அடிமையாக இருந்த கறுப்பு ஜனங்கள் சாவதற்குள் அவர்கள் வாயால் சொல்வதைப் புத்தகம் போட எழுதி வாங்கி வரும்படி வாஷிங்டன் அரசாங்கம் அனுப்பியிருந்த ஆட்களில் ஒருத்தி. எங்கள் மாவட்டத்துக்கு என்று பார்த்துப் பிரஸ்காட்டின் பேத்தியை அனுப்பியிருந்தார்கள். அம்மா யாருக்குச் சொந்தமாக இருந்தாளோ, அந்தப் பிரஸ்காட்டின் பேத்தி. நல்ல ஆளைப் பிடித்தார்கள் போங்கள்.

"சாட்டை கீட்டை எல்லாம் உண்டா, ஆன்ட்டி லுவீனியா?"

"எங்க தோட்டத்துல ஏது மிஸ்? உங்க தாத்தா ஒரு கோழியக்கூட அதட்டமாட்டாரு. கிறிஸ்துமஸ்னா எங்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு."

மிஸ் அடிலெய்டின் பென்சில் ஓடியது. அவள் முகத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி. சனிக்கிழமைதோறும் அம்மாவின் முதுகில் எண்ணெய் தேய்ப்பவள் நான். தோளிலிருந்து இடுப்புவரை தடித்துக் கிடப்பது என் விரலுக்கு மனப்பாடம். எண்பத்தேழு வயதில் எதற்கு இந்தப் பொய்? பயமா? அரசாங்கத்துக்காரி வந்தால் பென்ஷன் வரும் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்களே, அந்த நப்பாசையா? வாயை அடக்கு ஓசெல்லா என்று என் கணவர் இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் போய்ச் சேர்ந்தார், அடக்க ஆள் இல்லை.

"அப்ப டெல்சிய வித்தது யாரும்மா?" என்று முற்றத்திலிருந்தே கத்தினேன். "ஒரு ஜோடிக் கோவேறு கழுதைக்கு உன் தங்கச்சியக் குடுத்தானே, அந்தப் புண்ணியவான் யாரு? அதையும் சொல்லு. முதுகத் திருப்பிக் காட்டு, மிஸ் எண்ணி எழுதிக்கட்டும்!"

மிஸ் அடிலெய்ட் சண்டைக்கு வரவில்லை. நோட்டை மூடினாள். வெயில் ஏறிவிட்டது என்றாள், கையுறையை மாட்டிக்கொண்டாள், போய்விட்டாள். மறுபடி வரவேயில்லை.

அம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. சோள ரொட்டியை மோரில் பிசைந்து வைத்தால் தின்பாள், கிண்ணத்தை நகர்த்துவாள், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் நானே போய்க் காலடியில் உட்கார்ந்தேன்.

"பென்ஷனுக்காகத்தான அப்படிப் பேசினே?"

"போடி இவளே. எனக்கெதுக்குடி பென்ஷன்? ரெண்டு நாளா அவளுக்கு வெல்லப்பாகு ஊட்டி ஊட்டிக் கொண்டாந்தேன். இன்னும் ஒரு வாய் ஊட்டியிருந்தா டெல்சி பேர எழுதச் சொல்லியிருப்பேன். பொஸ்தகம் நாடு பூரா போகுமாம்ல. நீ வந்து அடுப்புல தண்ணிய ஊத்திட்ட."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடுதலைக்குப் பிறகு எங்கள் ஜனங்கள் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிப் போடுவார்கள். அம்மாவைக் காணோம், தம்பியைக் காணோம், இன்னாருக்குச் சொந்தமாக இருந்தோம், இன்னார் வாங்கிப் போனார், அடையாளம் இது, கண்டவர்கள் எழுதவும் என்று. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பிரசங்கம் முடிந்ததும் போதகர் அவற்றை வாசிப்பார். எஜமான் பெயர் சொன்னால்தான் விளங்கும், எங்கள் பெயர்கள்தான் கை மாற மாற மாறிப்போனதே. என் சின்ன வயதில் வாரத்துக்கு ஐந்தாறு வரும். பிறகு ஒன்றிரண்டு. பிறகு தேடுகிறவர்களும் தேடப்படுகிறவர்களும் மண்ணுக்குப் போக, நின்றே போயிற்று. அரசாங்கத்தின் புத்தகத்தை அம்மா அப்படி ஒரு பெரிய கடிதம் என்று நினைத்துவிட்டாள்! நாடு முழுக்க ஒரே கோவில், அதில் யாரோ உரக்க வாசிக்கப்போகிறார் என்று. அதெல்லாம் ஆபீஸ் அலமாரிக்குப் போகிற காகிதம் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஒரு தடவை உண்மை பேசிக் கெடுத்தது போதும். டெல்சி இருந்தால் எண்பத்து மூன்று வயது. அவளை வண்டியில் ஏற்றியபோது அம்மாவுக்கு ஒன்பது. எழுபத்தெட்டு வருஷமாக ஒரு ஏக்கத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு மூன்று பிள்ளை பெற்று, இரண்டைப் புதைத்து, என்னை வளர்த்திருக்கிறாள். ஒரு நாளாவது என்னிடம் வாய்விட்டு அழுதாளா? பாவி, நான் கேட்டேனா?

அக்டோபரில் இன்னொருவன் வந்தான். நம்ம ஆள். லீமன் என்று பெயர், அட்லாண்டாவில் காலேஜ் படித்தவன், தேய்ந்த செருப்பும் இஸ்திரி போட்ட சட்டையும். தொப்பியைக் கழற்றி, "வணக்கம் மிசஸ் டாசன்" என்றான். வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் கிழவிகள் எல்லாம் வெறும் ஆன்ட்டிதான்; அரசாங்கத்து வாயிலிருந்து அம்மாவுக்கு மிசஸ் வந்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

"வெள்ளக்காரங்க கேட்டா நம்ம ஜனம் உள்ளத உள்ளபடி சொல்லுறதில்லம்மா. அதான் என்னை அனுப்பினாங்க. நீங்க பயப்படாம சொல்லுங்க."

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எழுதுறது யார் கைக்குப் போகும் தம்பி?"

"மேலாபீசுக்கு. அங்க திருத்துவாங்க, அப்புறம் வாஷிங்டன்."

"திருத்துறது நம்மவங்களா?"

லீமன் தலையைச் சொறிந்தான். "இல்லம்மா."

"எழுதினத அடிச்சுடுவாங்களோ?"

"சிலத. சாட்டை, விக்கிறது, அந்த மாதிரி..." அவன் குரல் இறங்கியது. "கிழவி கத விடுறான்னு எழுதி ஓரமாப் போட்டுடுவாங்க."

"அப்ப எத அடிக்க மாட்டாங்க?"

அம்மா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எழுதிக்க. எங்க எஜமான் பிரஸ்காட் மாதிரி ஒரு மனுசன் இனிமேதான் பொறந்து வரணும்."

லீமன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். "அம்மா, நாளைக்கு இதப் படிக்கிறவன் அடிமையா இருந்தது சொகம்னு நம்பிடுவான். பாரு, அவங்களே சொல்லியிருக்காங்கன்னு நம்ம மூஞ்சிலயே வீசுவான். இதுக்காகவா நான் இருபது மைல் நடந்து வந்தேன்?"

"படிச்ச புள்ள நீ, நம்பாதன்னு அடுத்த பொஸ்தகத்துல எழுது. ஊரு என்ன நம்பினா எனக்கென்ன? எனக்கு ஒருத்தி காதுல விழுந்தா போதும். மேல பாகு ஊத்து, அடியில டெல்சிய வை. பாகுன்னா தள்ளமாட்டாங்க."

"அந்த அம்மாவே நம்பிட்டா?"

"யாரு, டெல்சியா?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் இல்லாத வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அந்த நாய அவளுக்குத் தெரியாதா? கோழியக்கூட அதட்டமாட்டான்னு யாராவது வாசிச்சுக் காட்டினா விழுந்து விழுந்து சிரிப்பா. இந்தப் புளுகு நம்ம அக்கா புளுகுதான்னு அங்கயே கண்டுக்குவா."

லீமன் என் பக்கம் திரும்பினான். "நீங்களாச்சும் சொல்லுங்க அக்கா. நெசம் என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். என் விரல்களுக்குத் தெரியும். அம்மா என்னைப் பார்க்கவில்லை, வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்க தம்பி" என்றேன். நாக்கு வெந்தது. "ரொம்ப நல்லவரு. கிறிஸ்துமஸுக்கு ஆரஞ்சு குடுப்பாராம். யாருக்காவது காச்சல்னா தானே வந்து பக்கத்துல உக்காந்திருப்பாராம்." காய்ச்சல் என் சொந்தச் சரக்கு. அம்மா மெல்லத் தலையை ஆட்டினாள்.

பாகு இரண்டு பக்கம் ஓடியது. கடைசியில் அம்மா முதுகை நிமிர்த்தி, எந்தத் தடங்கலும் இல்லாமல், எத்தனையோ தடவை தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தவள்போல, வேறொரு குரலில் சொன்னாள். அவன் எழுதி முடித்ததும், "உரக்க வாசி" என்றாள். அவனுக்கும் அந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து நின்று வாசித்தான்.

"என் தங்கை டெல்சியைத் தேடுகிறேன். கர்னல் பிரஸ்காட்டுக்குச் சொந்தமாக இருந்தோம். போருக்கு இரண்டு வருஷம் முன்னால் அலபாமாக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். அப்போது அவளுக்கு ஐந்து வயது. இடது காதில் சுட்ட தழும்பு. எங்கள் அம்மா பெயர் ஹனா. நான் லுவீனியா, ஜின் மில் ரோட்டில் கோவிலுக்கு எதிர்வீட்டில் உயிரோடு இருக்கிறேன். தெரிந்தவர்கள் எழுதவும்."

கோவிலில் ஒவ்வொரு கடிதத்துக்கும் பிறகு போதகர் காகிதத்தை இறக்கிவிட்டுச் சற்று நேரம் சும்மா நிற்பார். தெரிந்தவர் யாராவது எழுந்திருக்கட்டும் என்று. கைக்குழந்தைகூட அழாது. அம்மா இப்போது அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் மடியில், முகம் தெருப்பக்கம். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. லீமன் நோட்டை மூடப்போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.