சுவரைத் தடவும் கை

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. பிறகு யாராவது வந்து என் குட்டை உடைப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவுக்குக் குழந்தை நலத்துறையில் வேலை. பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளையும், இருந்தும் வளர்க்க முடியாமல் போனவர்களின் பிள்ளைகளையும் வளர்ப்பு வீடுகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அதோடு கைகழுவிவிடாமல் அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒருநாள் என் சமையலறையில் நின்று டீ குடித்துக்கொண்டே, மழை வருமா வராதா என்று பேசுகிற குரலில் சொன்னாள்:

"புது வீட்டுக்கு வந்த பிள்ளைங்க முதல்ல சுவத்தைத் தடவும்டி. இதுக்கு முன்னாடி இருந்த வீட்டுல லைட் சுவிட்ச் எங்க இருந்துச்சோ, அங்கதான் கை போகும். இங்க பார்த்தா வெறும் சுவரா இருக்கும். அப்பவும் விடாம கொஞ்ச நேரம் தடவிக்கிட்டே நிக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஐயோ பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அடடா, என்ன அருமையான பேய்க்கதை என்றுதான் தோன்றியது. மங்கலான அறை, வெற்றுச் சுவர், அதில் எதையோ தேடுகிற ஒரு சின்னக் கை! ஒரு பத்திரிகைக்குப் பேய்க்கதை தருவதாக ஒப்புக்கொண்டு, ஆசிரியரின் போனை எடுக்காமல் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்த சமயம் அது. அக்கா கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் நான் மேசைக்குப் போய்விட்டேன்.

2

முதல் தொடக்கம்:

[மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தார்கள். ஒரு மத்தியானம் அந்தச் சிறுமி அங்கே வந்து சேர்ந்தாள். ஏழு வயது இருக்கும். தோளில் ஒரு பச்சைப் பை. அவளுக்கென்று ஒதுக்கிய அறையில் கதவுக்கு இடப்பக்கம் சுவிட்ச் இருந்தது. "இனிமே இது உன் ரூம்மா" என்று மருந்துக்கடைக்காரர் மனைவி ஒரு நீலக் குவளையில் பால் கொண்டுவந்து கொடுத்தாள். சிறுமி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அந்த அறையின்]

அறையின் என்ன? தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

[இசை ஆசிரியையின் வீட்டில் எந்நேரமும் யாராவது எதையாவது தப்பாக வாசித்துக்கொண்டிருப்பார்கள். சிறுமி தன் பச்சைப் பையோடு ஓசைப்படாமல் வந்தாள். அங்கே சுவிட்சுகள் எல்லாம் அறைக்கு வெளியே, நடைவழியில் இருந்தன. "உள்ள போறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும் கண்ணு. போகப் போகப் பழகிடும்" என்றாள் ஆசிரியை. பழகிவிட்டது. ஒருநாள் யாரும் கூப்பிடாமலேயே சிறுமி வந்து ஆசிரியையின் மடியில்]

இது தித்திக்கிறது. பேய்க்கதையில் மடிக்கு என்ன வேலை? இதையும் அடித்தேன்.

(அடித்தபோது பின்னால் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. என் பைதான் எங்காவது சரிந்திருக்கும் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பைக்கு ஜிப்பே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.)

3

மூன்றாவது தொடக்கம் கச்சிதமாக அமைந்தது. அதனால் அடைப்புக்குறி போடவில்லை.

பஸ் ஓட்டுகிற ஒரு அம்மா. அவள் கணவர் பல்செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. அங்கே அலமாரி முழுக்க யார் யாருடைய வாய் அச்சுகளோ பிளாஸ்டரில் வெள்ளை வெளேரென்று வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். பேய்க்கதைக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்குமா, சொல்லுங்கள்! பெற்ற பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள், வீடு ஓ என்று கிடக்கிறது, ஒரு பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோமே என்று பஸ்காரம்மாதான் அதிகாரியிடம் போய்க் கேட்டாள். அதிகாரியும்* அலசி ஆராய்ந்து, வீட்டையெல்லாம் பார்த்துவிட்டு, சிறுமியைக் கூட்டிவந்தாள்.

* அக்காவின் ஜாடைதான். மூக்கை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சிறுமி வாசலிலேயே நின்றாள். பையை இறக்கவில்லை.

"வா வாண்டு, உள்ள வா" என்றாள் பஸ்காரம்மா. வாண்டுத்தனம் என்பது மருந்துக்குக்கூட இல்லாத பிள்ளை அது. நடந்தால் சத்தம் வராது. பசிக்கிறதா என்றால் "பரவால்ல", குளிர்கிறதா என்றால் "பரவால்ல". செருப்பைப் போட்டுக்கொண்டே தூங்கியது. சாப்பாட்டில் பாதி பைக்குள் போனது.

இப்போது பேய் வர வேண்டிய இடம். சாயங்காலம், அறை இருட்டத் தொடங்குகிறது. கதவுக்கு வலப்பக்கம், கண்ணுக்கு நேராக, பளிச்சென்று ஒரு சுவிட்ச் வைத்திருந்தேன். அவள் கை வலப்பக்கம் போக வேண்டும், சுவிட்சின் மேல் ஏற்கெனவே வேறொரு கை இருக்க வேண்டும். இதுதான் என் திட்டம். ஆனால் தாளில் வந்து விழுந்த வாக்கியம் வேறு:

அவள் கை கதவின் இடப்பக்கம் போனது.

அங்கே வெறும் சுவர். தடவினாள், தடவினாள். பிறகு மெதுவாக வெளியே வந்து, நடைவழிச் சுவரைத் தடவினாள்.

இடப்பக்கம், மருந்துக்கடைக்காரர் வீடு. நடைவழி, இசை ஆசிரியை வீடு. இரண்டும் நான் அடித்த வீடுகள். அந்தத் தாள்கள் கசங்கிக் குப்பைக்கூடையில் கிடந்தன. இந்த வீட்டுச் சிறுமிக்கு அவை எப்படித் தெரியும்?

பஸ்காரம்மாவுக்கும் என்னவோபோல் இருந்திருக்க வேண்டும். அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"இதுக்கு முன்னாடி இவ எங்க இருந்தாம்மா?"

"எங்கயும் இல்லைங்க. நேரா உங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"அப்படியா? பையில ஒரு நீலக் குவளை வெச்சிருக்காளே. கழுவக்கூட குடுக்க மாட்டேங்கிறா."

நான் பேனாவை வைத்துவிட்டேன். சத்தியமாக அந்தக் குவளையை நான் இந்த வீட்டில் எழுதவில்லை.

எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனபோதுதான் என் அறைச் சுவரைப் பார்த்தேன். கதவுக்கு இடப்பக்கம், என் இடுப்பு உயரத்தில், விரல் தடங்கள். சின்ன விரல்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை, என் வீட்டுக்குப் பிள்ளைகள் யாரும் வருவதும் இல்லை. ஈரத்துணியால் துடைத்தேன். மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் இருந்தன.

4

வேறு வழியில்லாமல் எல்லாத் தாள்களையும் அக்காவிடம் கொடுத்தேன், குப்பைக்கூடையில் இருந்தவற்றையும் சேர்த்து. பாராட்டுவாள் என்று ஒரு நப்பாசை.

"ஏண்டி, அவளை இதுவரைக்கும் எத்தனை வீடு மாத்தியிருக்க?"

"இந்த ஒரு வீடுதான்க்கா. மத்த ரெண்டையும் அடிச்சிட்டேனே."

"நீ அடிச்சிட்டா? அவளுக்கு அது நடக்காமப் போயிடுமா?"

அக்கா கசங்கிய தாள் ஒன்றை எடுத்து மேசையில் நீவினாள்.

"மடியில படுக்க வந்த பிள்ளைடி" என்றாள் அக்கா. அவள் குரல் உடைந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "பாதி வாக்கியத்துல தூக்கிட்ட. என் வேலையில தினம் இதுதான். ஒத்து வரலைன்னு ஒரு வீட்டுல சொல்லிடுவாங்க, நாங்க போய்க் கூட்டிட்டு வரணும். கார்ல பின்னாடி உக்காந்து வரும் பாரு, ஒரு வார்த்தை பேசாது. ஒவ்வொரு வாட்டியும் இன்னும் கொஞ்சம் சத்தமில்லாமப் போகும். உனக்குப் பேய்தானே வேணும்? அப்படித்தான் பேய் உருவாகுது."

நான் அழுதேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன்: "நல்ல வளர்ப்பு வீட்டுல என்னக்கா பண்ணுவாங்க?"

"பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நேத்து பண்ணினதையே இன்னைக்கும் பண்ணுவாங்க. நாளைக்கும்."

ஒரு கதாசிரியைக்கு இதைவிட மோசமான யோசனை யாரும் சொல்லியிருக்க முடியாது.

5

இருந்தாலும் மூன்றாவது வீட்டுக்கே திரும்பிப் போனேன். பேயைத் தள்ளிவைத்தேன். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

பல்செட்டுக்காரர் தினமும் சாயங்காலம் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் மனைவியிடம் சொன்னார்:

"இடப்பக்கம் ஒரு சுவிட்ச் வெச்சிடலாம். வெளியில ஒண்ணு."

"வலப்பக்கம்தான் இருக்கேங்க. அவளுக்குச் சொல்லிக் குடுத்தா பழகிட்டுப் போறா."

"வாய்க்குத் தகுந்த மாதிரிதான் நான் பல்லு செய்யறேன். பல்லுக்குத் தகுந்த மாதிரி வாயை மாத்திக்கோங்கன்னு யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?"

எலக்ட்ரீஷியன் வந்து தலையைச் சொறிந்தார். "ஒரு பல்புக்கு மூணு சுவிட்சா சார்? கேக்கறவங்க சிரிப்பாங்க."

"நல்லா சிரிக்கட்டும். பல்லு இல்லன்னா நான் செஞ்சு தரேன்."

அன்று சாயங்காலம் அவள் கை வழக்கம்போல இடப்பக்கம் போனது. விளக்கு எரிந்தது. அவள் அப்படியே நின்றாள். அணைத்தாள், போட்டாள். நடைவழிக்கு ஓடிப்போய் அங்கிருந்தும் அணைத்தாள். போட்டாள், அணைத்தாள், போட்டாள். நான் அழித்த இரண்டு வீடுகளும் இந்த வீட்டுச் சுவரில் உயிரோடு முளைத்து, எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தன.

"ஏய் வாண்டு! பல்பு போயிடும்டி!" அடுப்படியிலிருந்து பஸ்காரம்மா ஒரு அதட்டு அதட்டினாள். டிராஃபிக்கில் லாரிக்காரனைத் திட்டிப் பழகிய குரல்.

சுவிட்ச் சத்தம் நின்றது. ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது, இந்தத் தடவை அவர்கள் வீட்டில். பஸ்காரம்மா வந்து பார்த்தால், சிறுமி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கார் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு.

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. பஸ்காரம்மா அழ வேண்டுமா? கட்டிப்பிடிக்க வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பையை எதுக்குடி இப்ப எடுத்த? சாப்பாடு ஆறுது, வா. சாப்பிட்டு வேணா மறுபடி ஆட்டிக்கோ. பல்பு போனா இவர் வாங்கிட்டு வருவார்."

மறுநாளும் அதே நேரத்துக்குச் சாப்பாடு, அதே நாற்காலி, அதே அதட்டல். அதற்கு மறுநாளும் அப்படித்தான். பக்கத்துக்குப் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை, நானும் அடிக்கவில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கினாள். "பரவால்ல" குறைந்து "எனக்கு வேணாம் போ" வந்தது. கதவை அறைந்து சாத்தினாள். வாய் அச்சுகளுக்கெல்லாம் பேனாவால் மீசை வரைந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடத்தைச் சத்தமாகப் படிக்கிறாள் என்று ஆசிரியர் சொன்னதைப் பஸ்காரம்மா அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் ஏறினவர்களிடமெல்லாம் சொன்னாள். முன்பல் விழுந்தபோது பல்செட்டுக்காரர் அவள் வாய்க்கும் ஓர் அச்சு எடுத்து, அலமாரியில் தன் மனைவியின் அச்சுக்குப் பக்கத்தில் ஓட்டைப்பல்லோடு வைத்தார்.

6

முடிவு. ஒன்றுக்கு மூன்றாக எழுதிப் பார்த்து நல்லதை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

[ஒருநாள் வெளியூரிலிருந்து சிறுமியின் சித்தி வந்தாள். அல்லது]

ஜிப் சத்தம்.

இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன். என் அறையில் யாரும் இல்லை. தாளைப் பார்த்தேன். நான் எழுதாத ஒரு வரி அதில் இருந்தது, என் கையெழுத்திலேயே: அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

அந்த ஒரு வார்த்தைதான். 'அல்லது.' அது காதில் விழுந்தால் அவளுக்குக் கார் வருகிறது என்று அர்த்தம். உங்களுக்கும் எனக்கும் அது சுவாரசியம். அவளுக்கு இன்னொரு சுவர்.

'அல்லது' என்று முடிந்த அந்த வரியை அடித்தேன். இது ஒன்றுதான் அடிக்க வேண்டியதாக இருந்தது. பிறகு ஒரே ஒரு முடிவை எழுதினேன், மாற்று இல்லாமல். பஸ்காரம்மாவும் பல்செட்டுக்காரரும் அவளைத் தத்தெடுக்கக் கேட்டார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளிடமே கேட்டார்:

"இவங்களோடயே இருக்க உனக்கு இஷ்டமாம்மா?"

அவள் யோசித்தாள். நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். இதை நான் எழுதவில்லை, அவள்தான் சொல்ல வேண்டும்.

"என் குவளை இவங்க வீட்டு அலமாரியில இருக்கு" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பேசிக்கொண்டே, பார்க்காமல், வலப்பக்கம் கையை நீட்டி விளக்கைப் போட்டாள்.

7

பத்திரிகை ஆசிரியர் படித்துவிட்டு, "எல்லாம் சரிங்க, பேய் எங்க?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

என் சுவரில் தடங்கள் வருவது நின்றுபோயிற்று. நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் அந்த இடத்தைத்தான் பார்த்தேன். என் மனசு அவளைத் தேடியது, ஒளிப்பானேன்?

நேற்று மறுபடியும் ஒரு தடம். இடப்பக்கம் இல்லை, ஜன்னலுக்குக் கீழே. முன்பைவிடத் தாழ்வாக, முன்பைவிடச் சின்ன விரல்கள். பதறிப்போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, வாண்டு திரும்பி வந்துட்டா போலிருக்கு. ஏதோ தப்பாயிடுச்சு."

"அவ எதுக்குடி வரப்போறா? அவ வீட்டுல இருக்கா." எதிர்முனையில் கார் ஓடும் சத்தம். பின் இருக்கையில் யாரோ இருப்பதுபோல அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இது வேற பிள்ளை."

முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கை கழுவுவதற்காக அல்ல. நான் இந்தத் தடத்தைத் துடைக்கவில்லை, எலக்ட்ரீஷியனின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள். உங்கள் வீட்டுச் சுவரைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள், ஈரத்துணியை எடுப்பதற்கு முன்னால்.