அடுத்த மாதத்தின் முதல் கண்ணி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது என்று சொன்னால் வேதா சிரிப்பாள். வேதா என் மனைவி. ஒரு சாயங்காலம், குரோஷா ஊசியால் பின்னி வைத்திருந்த ஒரு சாண் துணியை அவள் இரக்கமில்லாமல் உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"ஓரம் கோணிக்கிட்டுப் போவுது, தெரியல? உங்க கதை மாதிரி."

பிறகு விளக்கினாள். ஒரு வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பி, மூன்று சங்கிலி போட்டு மேலே ஏற வேண்டும். அந்த மூன்று சங்கிலிதான் புது வரிசையின் முதல் கண்ணி. அதை மறந்து அதே இடத்தில் இன்னொன்று போட்டால் ஓரம் வெளியே தள்ளும். திரும்பி வரும்போது அதன் தலையில் ஊசியைக் குத்த மறந்தால் உள்ளே வாங்கும்.

இதை வைத்துக் கதை எழுதப்போகிறேன் என்றேன். வேதா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

2

முதல் தொடக்கம்: கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலை நகரமே—

(வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் தீபத்தை ஏற்றிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: அபீதகுஜாம்பாள் பேரழகி. அவளுடைய கண்கள்—

(கண்களை எனக்குத் தெரியாது. விரல்களை மட்டுமே யோசித்து வைத்திருக்கிறேன்.)

சரி, இப்படி. வருஷம் 1958. அபீதா, திருவண்ணாமலைப் பெரிய கோயில் குருக்கள் சோமசேகரனின் மனைவி. கல்யாணமாகிச் சில வருஷங்கள். குழந்தை இல்லை. மாதத்தில் மூன்று நாள் கொல்லைப்புற அறையில் ஒதுங்கி உட்காருவாள். அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை; கை சும்மா இருக்கும். பள்ளிக்கூடத்தில் கற்ற பின்னலை நினைவுபடுத்திக்கொண்டு ஒரு மேஜை விரிப்பு பின்னத் தொடங்கினாள். (அந்த வீட்டில் மேஜை கிடையாது. இதைக் கதையின் குறையாக யாரும் எனக்கு எழுதிப்போட வேண்டாம்.)

அந்த நாட்களில் தொட்ட நூல் வீட்டுக்குள் வரக்கூடாது. நனைத்தால் தீட்டுப் போய்விடும்தான். ஆனால் பாதியில் நனைத்தால் பின்னியவரை சுருங்கும், பிறகு பின்னுவது அகலமாக நிற்கும். ஆகவே ஊசியும் நூலும் விரிப்பும் அடுத்த மாதம் வரை அந்த அறையிலேயே கிடந்தன. திரும்பி வரும்போது முதல் கண்ணி எது என்று கை மறந்துவிடும். ஓரம் கோணும்.

3

மற்ற நாட்களில் மாமியார் எதிரே புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது கஷ்டம். இந்த மூன்று நாளில் சோமசேகரனுக்கு அடிக்கடி அந்த அறைக்கு எதிரே கிணற்றடியில் வேலை வந்தது.

"வலது பக்கம் உள்ள வாங்கறதே?" என்றார், எட்ட நின்று.

"போன மாசம் மறந்த கண்ணி."

"உருவிட்டுப் போடறது."

"உருவினா மூணு நாளும் அதுக்கே சரியாப் போயிடும். உங்களோட யார் பேசறது?"

"நான் ஜலம் எடுக்கன்னா வந்தேன்."

"குடம் எப்பவோ ரொம்பி வழியறது."

அவர் குடத்தைப் பார்த்தார். பிறகு, மாலை கட்ட வைத்திருந்த வாழைநாரில் ஒரு துண்டைக் கிழித்து அறை வாசலில் போட்டார். "முதல் கண்ணியோட தலையில இதைக் கட்டி வை. மறக்காது."

அன்றிலிருந்து, நாலாம் நாள் குளிக்கப் போகுமுன் அபீதா வரிசையை முடித்து, துணியைத் திருப்பி, மூன்று சங்கிலி ஏறி, நார் கட்டி வைத்துவிட்டுப் போனாள். ஓரம் நேரானது.

(இந்த இடத்தில் வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். வேதா அடித்துவிட்டாள்.)

4

மாமியார் தர்மாம்பாள் அந்த விரிப்பை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. அது வளர்ந்தால் அந்த மாதமும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஒருநாள் நார் கட்டுவதைக் கவனித்துவிட்டாள்.

"அடுத்த மாசத்துக்கும் இப்பவே ஆரம்பிச்சு வெச்சாச்சா? பேஷ்."

அபீதா நாரின் முடிச்சை இறுக்கினாள். ஆனால் அவள் உண்மையில்—

(உண்மையில் என்ன? குழந்தை வேண்டும். அந்த மூன்று நாளும் வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்க நாலு தாள் கிழித்தேன்.)

5

ஒரு மாதம் நாள் தள்ளிப்போயிற்று. யாரும் வாய்திறந்து கேட்கவில்லை. தர்மாம்பாள் மட்டும் தோசையில் நெய்யை ஜாஸ்தியாக ஊற்றினாள்.

ஒரு மத்தியானம் அபீதா தானாகவே கொல்லை அறைக்குள் போனாள். மாமியாரின் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆரம்பித்து வைத்ததை உருவிவிடலாம் என்று ஊசியை எடுத்தாள். மனசு வரவில்லை. அந்த வரிசையை மறு ஓரம் வரை பின்னி முடித்தாள். அடுத்ததை ஆரம்பிக்கவில்லை.

தீட்டுத் துணியைத் தொட்டாயிற்று. கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரப்புடவையோடு நிற்கையில் தர்மாம்பாள் வந்தாள். வேளைகெட்ட வேளையில் மருமகள் முழுகியிருக்கிறாள். கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"வந்துடுத்தா?"

"இல்லேம்மா. விரிப்பைத் தொட்டேன். அதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தர்மாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கொண்டா பார்ப்போம்" என்றாள். அபீதா நகர்ந்ததும் தடுத்தாள். "இரு. இந்தச் சமயத்துல ரெண்டு தரம் குளிச்சா சளி பிடிக்கும். நானே எடுத்துக்கறேன். நான் குளிச்சாப் போறது."

அறைக்குள் போனாள். விரிப்பை இரண்டு கையாலும் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

"கீழே கோணல். மேலே வர வர நேரா இருக்கே."

"ஆமாம்மா."

"இந்தக் கொல்லை உள்ளுல நான் சுவரைப் பார்த்துண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ வருஷம். ஒரு நூல்கூட இல்லே."

6

அப்புறம்? குழந்தை பிறந்ததா? வேதாவும் கேட்டாள். மூன்று முடிவுகள் எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். அந்த மாதம் முழுக்க அந்தத் தெருவே அவள் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்களும் நானும் அந்தக் கும்பலில் சேர வேண்டாம். வேண்டுமானால் விரிப்பைப் பாருங்கள். தொட்டும் பார்க்கலாம், நீங்கள் குளிக்க வேண்டியதில்லை.