வெள்ளிக்கிழமை இருநூறு

'கடன் அன்பை முறிக்கும் என்று கடைக்குக் கடை எழுதி ஒட்டி வைக்கிறார்களே, இந்தக் கடனுக்கு மட்டும் ஏன் அந்த வேலை தெரியவில்லை?'

சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தியபடி அவள் நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. குளியலறையில் அவள் கணவன் மூக்காலேயே ஒரு பாட்டை இழுத்துக்கொண்டு முகம் மழித்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸும் முகத்தில் மூன்று நாள் தாடியுமாகவே திரிகிற ஆள். மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்தால் மட்டும் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி ஆகிவிடுவான்.

எங்கே போகிறான் என்று அவள் கேட்க வேண்டியதே இல்லை. கல்யாணத்துக்கு முன்பே அவன் சொல்லிவிட்டான், ஒளிவு மறைவு தெரியாதவன். "ஒருத்தங்களைக் கல்யாணம் பண்ணிக்கிறதா இருந்தேன். நடக்கல. லிஃப்ட் குழியில விழுந்து காலு உடைஞ்சு எட்டு மாசம் படுத்திருந்தப்ப அவங்கதான் அறுபதாயிரம் குடுத்தாங்க. வட்டி கிடையாது. மாசம் ஆயிரம் குடுத்துக்கிட்டு வர்றேன்." அன்றைக்கு அவன் நேர்மை அவளுக்குப் பிடித்திருந்தது. நேர்மையான மனிதனோடு குடித்தனம் நடத்துவதில் எவ்வளவு கஷ்டம் இருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கண்ணாடிக்காரி என்று இவள் தன் மனசுக்குள் அவளுக்குப் பெயர் வைத்திருந்தாள். கணவன் ஒருநாளும் பெயரைச் சொன்னதில்லை, 'அவங்க' என்பான். மேலதிகாரியைக்கூட 'அவன் கெடக்கான்' என்கிறவன் வாயில் அந்த ஒரு 'அவங்க' மட்டும் பஞ்சில் சுற்றி வைத்த மாதிரி வெளியே வரும்.

இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுவான். ஆயிரம் போயிருக்கும், மூக்குக்கண்ணாடி பளபளவென்று இருக்கும். ஒரு பக்கம் சரிந்து கிடந்த சட்டம் நேராகி, ஆடிக்கொண்டிருந்த காதுக்கம்பி இறுகி, வில்லைகள் இருக்கிற இடமே தெரியாத அளவுக்குத் துடைபட்டிருக்கும். அந்தக் கண்ணாடி வழியாக அவன் இவளைப் பார்த்துச் சிரிக்கும்போது இவளுக்கு வயிறு பற்றி எரியும். யாரோ துடைத்துக் கொடுத்த ஜன்னல் வழியாகத் தன்னை எட்டிப் பார்க்கிறான் என்று தோன்றும்.

ஒருமுறை, மாதம் பிறக்க நாலு நாள் இருக்கும்போதே, அவன் தூங்கி எழுவதற்குள் அந்தக் கண்ணாடியை எடுத்துத் தன் துப்பட்டா நுனியால் அழுத்தி அழுத்தித் துடைத்து வைத்தாள். வலப்பக்க வில்லையில் பொடிக் கீறல் விழுந்துவிட்டது.

"துணியில துடைக்கக் கூடாதாம்மா," என்றான் அவன், கோபமே இல்லாமல். "அவங்க சொல்லியிருக்காங்க."

அன்று வேலைக்குப் போனதும் அவள் கணக்குப் போட்டாள். ரெடிமேட் துணிக்கடையின் பின்புறம், மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவள் வேலை செய்யும் அறை. வாங்கிய பேன்ட் நீளமாக இருந்தால் வெட்டிச் சுருக்கி ஓரம் மடித்துத் தைத்துக் கொடுக்க வேண்டும். துணியில் குறி போடுகிற சாக்குக்கட்டியாலேயே காக்கித் தாளில் எழுதினாள். இன்னும் நாற்பத்திரண்டாயிரம் இருந்தது. மாதம் ஆயிரம் என்றால் நாற்பத்திரண்டு சனிக்கிழமை, நாற்பத்திரண்டு இஸ்திரி, நாற்பத்திரண்டு முகச்சவரம், மூன்றரை வருஷம். அதற்குள் ஒரு பிள்ளை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிடும்.

நாளுக்கு இருபத்தைந்து பேன்ட்டுக்கு மேல் தைத்தால் மேற்கொண்டு தைக்கிற ஒவ்வொன்றுக்கும் எட்டு ரூபாய் கிடைக்கும், அந்தக் கூலி வெள்ளிக்கிழமை கைக்கு வரும். வாரத்துக்கு இருபத்தைந்து கூடுதலாகத் தைத்தால் இருநூறு. அவள் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த பேன்ட்டை இழுத்தாள்.

பக்கத்து மிஷினில் பொத்தான் தைக்கிறவளை எல்லோரும் பட்டன் அக்கா என்பார்கள். வாய் மட்டும் மோட்டார் இல்லாமலே ஓடும்.

"ஏன்டி, சோத்தை மென்னு திங்கக்கூட நேரமில்லையா? முதலாளி உனக்குச் சிலை வைக்கிறேன்னு சொன்னாரா?"

"கொஞ்சம் கடன் இருக்குக்கா."

"உன் கடனா?"

"அவருது."

"நல்லா இருக்கே கூத்து! அவர் கடனுக்கு உன் முதுகு ஒடியுதா? வட்டி எவ்வளவு?"

"வட்டியில்ல."

"அடிப் பைத்தியமே! வட்டிக்கு வாங்கினவனே மல்லாந்து படுத்துத் தூங்கறான். வட்டியில்லாத கடனைப் பேரன் காலத்துக்கும் இழுக்கலாம்டி."

அவள் சிரித்துவைத்தாள். வட்டி இல்லாமல் இல்லை. கணவனிடம் வாங்காமல் தன்னிடம் மட்டும் அது வசூலாகிறது என்பதை எப்படிச் சொல்வது?

முதல் வெள்ளிக்கிழமை, இருநூறைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாள். கடை ஒடுக்கமாக இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் முகமில்லாத கண்ணாடிகள் வரிசை வரிசையாக அவளையே பார்த்தன. போகிற வழியெல்லாம் கண்ணாடிக்காரியை இரண்டு விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள். பேரழகியாக இருந்தால் அவன்மீது கோபப்படலாம், அவலட்சணமாக இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கண்ணாடிக்காரி இரண்டுமாக இல்லை. காதோரம் நரைத்த, மெல்லிய மணிக்கட்டுள்ள, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் நாம் நகர்ந்து இடம் கொடுக்கிற மாதிரி ஒரு பெண். குண்டூசித் தலை அளவு திருகாணியை ஒரே மூச்சில் முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் லிஃப்ட்காரர் வீட்டுல..."

"தெரியுமே. போட்டோ காட்டியிருக்கார். உக்காரும்மா, தண்ணி குடிக்கிறியா?"

"வேண்டாங்க. இதைக் குடுக்க வந்தேன். இருநூறு. வாரா வாரம் குடுத்துடலாம்னு."

கண்ணாடிக்காரி புருவத்தை உயர்த்தினாள். "அவர் மாசாமாசம் குடுக்கிறாரே? எனக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா."

"கையில இருந்தா செலவாயிடுங்க."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டு வெளியே வந்தது. தேதி, தொகை, மிச்சம், கடைசியில் கையெழுத்து. பதினெட்டு மாதமாக அந்தப் பக்கத்தில் இருவருடைய எழுத்து மட்டுமே இருந்தது. எண்கள் அவளுடையவை, கையெழுத்து அவனுடையது. ஒன்றுக்கொன்று பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுபோல் இருந்தன. இவள் பேனாவை வாங்கி, கட்டத்துக்கு வெளியே வழிகிற அளவுக்குப் பெரிதாகத் தன் கையெழுத்தைப் போட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. காய்ச்சலில் விட்டுப்போன வாரத்துக்கு மறுவாரம் நானூறாகக் கொடுத்தாள்.

அக்கம்பக்கத்தில் அவள் பெயர் ஓங்கிவிட்டது. "என் மருமக தங்கம், புருஷன் கடனைத் தன் கடனா சுமக்கிறா," என்று மாமியார் போனிலேயே ஊரைக் கூட்டினாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது. அன்பினால் செய்வதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அன்பும் இருந்தது, இல்லாமல் போகவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் தைத்த விரலை மேலும் ஒரு மணி நேரம் மிஷினுக்கு இழுத்தது அது அல்ல என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவு தூரம் இழுக்கப் பொறாமைக்குத்தான் தெம்பு இருந்தது.

கணவனுக்கும் பெருமைதான். ஆனால் ஆயிரத்துக்கு மேல் ஒரு காசு அவன் கூட்டவில்லை. வருஷக் கடைசியில் போனஸ் வந்தபோது துணி துவைக்கிற மிஷின் வாங்கி வந்து நடுக்கூடத்தில் இறக்கினான்.

"இதுக்குப் பதிலா கடன்ல கொஞ்சம் குடுத்திருக்கலாமே?"

"உனக்குக் கை வலிக்குமேன்னு வாங்கினேன். அவங்கதான் அவசரமில்லன்னு சொல்றாங்களே."

"அவங்களுக்கு அவசரமில்ல, சரி. உங்களுக்கு?"

அவன் மிஷினைச் சுற்றியிருந்த அட்டையைப் பிரிப்பதை நிறுத்தி அவளைப் பார்த்தான். உண்மையாகவே புரியவில்லை அவனுக்கு. "கடன் என்ன எழுந்திரிச்சா ஓடிடப் போகுது?" என்று சிரித்தான்.

'ஓடவில்லையே, அதுதானே எனக்கு வினை' என்று நினைத்துக்கொண்டு அவள் பிளக்கைத் தேடினாள்.

பிறகொரு நாள் அவனே சொன்னான். "நீ எதுக்கு அலையறே? உன் பணத்தையும் சேத்து சனிக்கிழமை நானே குடுத்துடறேனே."

"வழியிலதானே இருக்கு," என்றாள். இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ் காசைத் தன் சாயங்கால டீயில் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் போக மாதத்துக்கு ஒரு சனிக்கிழமைதான். அந்த முடிச்சை அவிழ்க்கப் புறப்பட்ட இவளோ அங்கேயே நாலு தடவை போய் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

கண்ணாடிக் கடைப் பெஞ்சில் காத்திருந்த நேரங்களில்தான் அவளுக்குத் தன் மனசு பிடிபட்டது. அவன் கெட்டுப்போவான் என்ற பயம் அவளுக்குத் துளியும் இல்லை. கண்ணாடிக்காரியும் கண்ணால்கூட ஒரு தப்பு செய்கிறவள் இல்லை. இவள் பொறாமைப்பட்டது அந்த எட்டு மாதத்தைப் பார்த்து. அவன் படுத்துக் கிடந்திருக்கிறான், வாடகை நின்றிருக்கிறது, கூட வேலை செய்தவர்கள் போனை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அப்போது கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனவள் இவள் இல்லை. எழுந்து நிற்கிற மனிதன்தான் தனக்குக் கிடைத்தான். விழுந்து கிடந்தவனைப் பார்த்த கண் வேறொருத்தியுடையது. அதை எத்தனை பேன்ட் தைத்தாலும் வாங்க முடியாது. அறுபதாயிரத்தைத் திருப்பிக் கொடுப்பது ஒன்றுதான் தன் கையில் இருந்தது. அதனால் அதைக் கொடுத்தாள்.

இருபது மாதம் ஓடியது. நோட்டில் அவன் கையெழுத்தைவிட இவள் கையெழுத்து அதிகமாகிவிட்டது. மிச்சம் நாலாயிரத்து அறுநூறு. மூன்று மாதம்கூட ஆகாது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடிக்காரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்காகவே காத்திருந்தவள்போல் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. ஒரு விஷயம். இந்த மிச்சம் இருக்கட்டும்."

"எது?"

"இந்த நாலாயிரத்து அறுநூறுதான். உங்க கல்யாணத்துக்கு நான் ஒண்ணுமே செய்யல. வரக்கூட இல்ல. இதை அதுக்குன்னு வெச்சுக்கோ." பேனாவின் மூடியைக் கழற்றினாள். "உன் விரலைப் பாத்தாலே எனக்குச் சங்கடமா இருக்கு. ஊசி குத்தாத இடமில்ல. போதும்மா, கோடு போட்டுடறேன்."

சொல்கிற முகத்தில் கள்ளம் இல்லை. கள்ளம் இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

"அவர்கிட்ட..."

"நேத்து போன்ல சொன்னேனே. ரொம்ப சந்தோஷப்பட்டார். 'நீங்க சொன்னா சரிங்க'ன்னுட்டார். உன்கிட்ட நானே சொல்றேன்னு சொன்னேன்."

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவன் இரண்டாம் தடவை சோறு கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத் தன் குழம்புதான் காரணம் என்று நினைத்திருந்தாள்.

கோடு விழுந்தால் இன்றோடு முடிந்தது. மூன்று மாதம் கூடுதல் பேன்ட் தைக்க வேண்டியதில்லை. டீ குடிக்கலாம், இரண்டு பஸ் ஏற வேண்டாம். தான் ஆசைப்பட்டதும் இந்தக் கணக்கு முடிய வேண்டும் என்பதுதானே? ஆனால் அந்த நாலாயிரத்து அறுநூறு இந்தக் கடையிலேயே இருக்காது. தனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய் நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும். என்றைக்காவது பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதும், சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுக்கும்போதும், 'அவங்க எவ்வளவு நல்லவங்க' என்று அது மெல்ல ஆரம்பிக்கும். கடனுக்காவது தவணை உண்டு. தானமாக வந்ததை எந்த வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கட்டுவது?

"அந்த நேரத்துல நீங்க குடுத்தது பெருசுங்க," என்றாள். சொல்லி முடித்த பிறகுதான், இத்தனை நாளில் இதைக் கண்ணாடிக்காரியிடம் முதல்முறையாகச் சொல்கிறோம் என்று உறைத்தது. உண்மையைச் சொன்னது எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை.

"அதெல்லாம் என்னம்மா பெரிய..."

"அதனாலதான், இது வேண்டாங்க."

கண்ணாடிக்காரியின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. அவள் இவளை நேராகப் பார்த்தாள். இத்தனை வெள்ளிக்கிழமைகளில் ஒருமுறைகூட அப்படிப் பார்த்ததில்லை. எதற்காக ஒருத்தி வாராவாரம் இருநூறைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்ததா, இல்லை ஆரம்பத்திலிருந்தே தெரியுமா என்று இவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நான் சும்மா உபசாரத்துக்குச் சொல்லலம்மா," என்றாள் மெதுவாக. "எனக்கும் ஒரு ஆசை. இவ்வளவாவது நான் குடுத்ததா இருக்கட்டுமே."

கண்ணாடிக்காரி கேட்பது பணத்தை விடுவதற்கு அனுமதி அல்ல என்று இவளுக்குத் தெரிந்தது. அவன் வாழ்க்கையில் தன் பெயரில் ஒரு சின்ன மூலை. பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்துவிட்டால் முடிந்தது கதை.

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, இரண்டு நூறையும் மேஜைக் கண்ணாடியின் மேல் நீவி வைத்தாள்.

"கோடு போடாதீங்க," என்றாள், மெல்லிய குரலில். "இருநூறு வரவு. மிச்சம் நாலாயிரத்து நானூறுன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."