ஈப்போக்காரி காலேஜுக்குப் போனாள்

ரப்பர் விலை விழுந்த வருஷம் கண்ட்ராக்டர் கன்னையாவும் கூடவே விழுந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தெருக்கோடியிலிருந்த தன் பெரிய பங்களாவை வாடகைக்கு விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு டெங்கில் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நாளில் பங்களா வாசலில் ஒரு பலகை ஏறியது. காப்பிக்கடை காதர் அதை அண்ணாந்து பார்த்து எழுத்துக் கூட்டி, "காலேஜ்!" என்று தெருவுக்கே அறிவித்தார்.

டைப் அடிக்கவும் சுருக்கெழுத்து எழுதவும் சொல்லிக்கொடுக்கிற காலேஜ். வேலை கிடைக்காத காலத்தில் வேலைக்குப் படிக்க வருகிறவர்களுக்கு என்ன பஞ்சம்? கிள்ளானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் தகரப்பெட்டியும் தலையணையுமாகப் பையன்கள் வந்து இறங்கினார்கள்.

அதுவரை தெரு எழுந்ததும் உண்டதும் ரயில்வே சங்கைக் கேட்டுத்தான். இப்போது சங்குக்கு உலை வைத்த பெண்கள், காலேஜ் மணிக்குக் குழம்பை இறக்கினார்கள். காதர் கடையில் மண்ணெண்ணெய் டின் இருந்த இடத்தில் மைப்புட்டியும் தலைக்குப் பூசும் வாசனைத் தைலமும் உட்கார்ந்துகொண்டன. வந்த நாள் முதல் தெரு முழுவதற்கும் ஒரே கிராப்பை வெட்டிக்கொண்டிருந்த முடிதிருத்தும் அய்யாவு, சுவரில் வெள்ளைக்காரர்கள் படங்களை ஒட்டி, "எந்தத் தலை வேணும் தம்பி?" என்று கேட்க ஆரம்பித்தார். எந்தப் படத்தைக் காட்டினாலும் பழைய கிராப்தான் வந்தது. புஷ்பவல்லி தன் வீட்டு முன்னறையைப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் புருஷனைச் சமையற்கட்டில் படுக்க வைத்தாள்.

மாற மாட்டேன் என்று நின்றது ஒரே ஒரு ஜீவன்தான். நல்லம்மாளின் பசு.

ஈப்போவில் வாங்கியதால் அதற்குப் பெயர் ஈப்போக்காரி. காலையில் நல்லம்மாள் அதைக் கன்றோடு வாசல் வாசலாக ஓட்டிப்போவாள். கறப்பதற்கு முன் செம்பைக் கவிழ்த்துக் காட்டி, "பாத்துக்குங்க, சொட்டுத் தண்ணி இல்ல" என்பாள். வாங்குகிறவர் கண்ணெதிரே கறந்தால்தான் பால். கேனில் கொண்டுவந்து ஊற்றுகிறவன் தண்ணீர்க்காரன். தெருவில் இதற்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

அந்த வரிசையில் முதல் வாசல் கன்னையாவின் பங்களா. கன்னையா போய்விட்டார் என்று ஈப்போக்காரிக்கு யார் சொல்வது? கயிற்றை இழுத்துக்கொண்டு நேரே போய்க் காலேஜ் முகப்பில் நின்றுகொண்டது.

பிரின்சிபால் துரைசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலோ மழையோ, கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். வகுப்பை விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"என்ன பிள்ளை இது? இது காலேஜ், மாட்டுத் தொழுவம் இல்லை."

"எனக்குத் தெரியுதுங்கய்யா. அதுக்குத்தான் தெரியல."

"இழுத்துக்கொண்டு போம்!"

"இழுத்தா வராதுங்க. இங்க கறந்தாத்தான் அடுத்த வாசலுக்கு நடக்கும்."

"அப்ப கறந்துபோட்டுப் போம்!"

நல்லம்மாள் செம்பைக் கவிழ்த்து அவர் மூக்குக் கண்ணாடிக்கு நேரே காட்டிவிட்டு உட்கார்ந்தாள். ஜன்னலிலிருந்து ஒருவன், "சார், பசுவுக்கு அட்டெண்டன்ஸ் போட்டாச்சா?" என்று கத்தினான். கறந்த பாலை என்ன செய்வது? மாடியில் குடியிருந்த பிரின்சிபாலின் மனைவி தங்கரத்தினம் பாத்திரத்தோடு இறங்கி வந்தாள்.

மறுநாளும் அதே கூத்து. தினமும் கோட்டுக்காரர் வெளியே வருவார், திட்டுவார், ஈப்போக்காரி அவரை ஆசையோடு பார்த்துக்கொண்டு பாலை இறக்கும். ஒருநாள் அவர் டிக்டேஷன் சொல்லிக்கொண்டிருக்கும்போது அது "அம்மா" என்று கத்தித் தொலைத்தது. பாதிப் பையன்கள் அதையும் சுருக்கெழுத்தில் எழுதிவிட்டார்கள். அதோடு பிரின்சிபாலின் பொறுமை போயிற்று. அவர் புகார் எழுதிக்கொண்டு சுகாதார போர்டு ஆபீஸுக்கு நடந்தார்.

போர்டு ஆபீஸ் கூலியாட்களை மேய்க்கிற மண்டோர் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "இனிமே இந்தத் தெருவுல மாடு கால் வைக்கக் கூடாது. வச்சா பிடிச்சிட்டுப் போயிடுவோம்."

நல்லம்மாளின் புருஷன் நாகையாவுக்கு உள்ளூர நிம்மதி. புல் அறுக்கிற வேலை மிச்சம். "கன்னையா அண்ணே டெங்கில்ல மாடு தேடுறாராம். பால் விக்கலேன்னா இதக் குடுத்திடுவோம்லா."

"உங்களக் குடுத்தாலும் குடுப்பேன், இவளக் குடுக்க மாட்டேன்."

"அப்ப ஒரு வாரம் பாப்போம். விக்கலேன்னா மாட்டு வண்டிக்குச் சொல்லிடுவேன்" என்று நாகையா ஒரு கேனை வாங்கி வந்து வைத்தார்.

வீட்டுக்குப் பின்னால் ரயில்வே வேலியோரம் கொட்டகை. அங்கே கட்டிப்போட்டுக் கறந்தால் ஈப்போக்காரி முரண்டு பிடித்தது. அரைக் கேன்தான் தேறியது. அதைத் தூக்கிக்கொண்டு நல்லம்மாள் தெருவில் இறங்கினாள்.

புஷ்பவல்லி கதவைப் பாதி திறந்தாள். "அக்கா, நீங்க தண்ணி ஊத்துவீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா, கேனாச்சேக்கா."

"தங்கச்சி, உன்னைத் தெரியும்," என்றார் காதர். "இந்தக் கேனைத் தெரியாதே!"

காலேஜ் மாடியிலிருந்து தங்கரத்தினத்தின் குரல்தான் வந்தது: "கண்ணாலை காணாத பாலை நான் வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டன்!"

அவர்கள் சொன்னதில் நல்லம்மாளுக்குத் தப்பே தெரியவில்லை. அவளாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டாள். கேனும் கையுமாகத் திரும்பி நடக்கையில், ஒருவேளை தானே தண்ணீரை ஊற்றிவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

வாரக் கடைசியில் நாகையா வண்டிக்காரனோடு பேச ஆரம்பித்தார். மறுநாள் காலையில் நல்லம்மாள் கேனைக் கொல்லையில் உருட்டிவிட்டாள். வெறும் செம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு தெரு நெடுக நடந்தாள்.

"பால் வேணுங்கறவங்க கொட்டகைக்கு வாங்க! கண்ணால பாத்து வாங்கிட்டுப் போங்க!"

"இதென்ன புதுசா இருக்கு?" காதர் சிரித்தார். "மாட்டைத் தேடி மனுசன் போறதா?"

"மாடுதான் தெருவுல கால் வைக்கக் கூடாது. நீங்க வைக்கலாம் அண்ணே."

காதர் சிரித்துக்கொண்டே தூக்குவாளியை எடுத்தார். பாலில்லாத வெறும் தேத்தண்ணியையே ஆற்றிக் கொடுத்ததில் கடைக்கு வருகிறவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். புஷ்பவல்லி வந்தாள், பின்னால் அவள் வீட்டுப் பையன்கள். முடிதிருத்தும் அய்யாவுகூட வந்தார். கொட்டகை வாசல் நிரம்பிவிட்டது. நல்லம்மாள் செம்பைக் கவிழ்த்துக் காட்டினாள், கன்றை விட்டாள், மடியில் கை வைத்தாள்.

தினம் முரண்டு பிடித்தாவது அரைக் கேன் கொடுத்தது, இன்று ஒரு சொட்டு இறங்கவில்லை.

தடவிக் கொடுத்தாள். கெஞ்சினாள். ஈப்போக்காரி தலையைத் திருப்பிக் காலேஜ் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. "வண்டிக்காரனை வரச் சொல்லவா?" என்றார் நாகையா. நல்லம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

அப்போதுதான் வேலி ஓரமாகக் கறுப்புக் கோட்டு ஒன்று வந்தது. கையில் ஒரு பித்தளைச் செம்பு. காப்பி இல்லாத காலைகளும் தங்கரத்தினத்தின் வாயும் சேர்ந்து பிரின்சிபாலை அங்கே தள்ளிவிட்டிருந்தன. யார் கண்ணிலும் படாமல் கடைசியில் நின்றுகொள்ளலாம் என்று பார்த்தார். ஆனால் ஈப்போக்காரி பார்த்துவிட்டது. "அம்மா!" என்று கொட்டகை அதிரக் கத்தியது. நல்லம்மாள் கைக்குள் பால் சர்ரென்று இறங்கியது.

"சார், அட்டெண்டன்ஸ்!" என்றான் ஒரு பையன். கொட்டகையே சிரித்தது. பிரின்சிபால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். ஆனால் போகவில்லை.

நாகையா வண்டிக்காரனிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் காலையில் முதல் ஆளாகப் பிரின்சிபால் வந்து நின்றால்தான் தெருவுக்குப் பால். அவர் தூங்கிவிட்டால் காதர் போய்க் காலேஜ் கதவைத் தட்டுவார்: "ஐயா, கோட்டைப் போட்டுட்டு வாங்க, மாடு காத்திருக்கு!"

அவர் வந்து நிற்பார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பார். நல்லம்மாள் விட மாட்டாள். செம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

"இங்க பாருங்கய்யா. பாத்தாத்தான் கறப்பேன்."