பூசினாற்போல

தூங்கினால் சதை பிடிக்கும் என்கிறார்கள். சதை பிடிக்கவில்லையே என்கிற நினைப்பில்தான் தூக்கமே வருவதில்லை. இதைப் போய் யாரிடம் சொல்ல?

தையலம்மாள் யாரிடமும் சொல்லவில்லை. பிரெஞ்சு சர்க்காரின் மேரி ஆபீசில் பிறப்பு எழுதிய கணக்குப்படி அவளுக்குப் பதினைந்து முடிந்து நான்கு மாதம். பாகூர் ஏரித் தண்ணீரில் மூன்று காணி நெல் போடுகிற குழந்தைவேலுக்கு ஒரே மகள். சோற்றுக்குக் குறைவில்லாத வீடு. அப்படியிருந்தும் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டுதான் இருந்தது.

மாசியில் கரியமாணிக்கத்துக்காரர்கள் பெண் பார்க்க வரும்வரை அதை அவள் பெரிதாக நினைத்ததில்லை. திரும்பிப் போகையில், வண்டியில் ஏறிய அந்த வீட்டு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “கரும்புத் தோகையாட்டம் இருக்குது பொண்ணு. காத்தடிச்சா யாரு புடிச்சிக்கறது?”

வண்டியே சிரித்தது. ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்த தையலம்மாளுக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

அன்றிலிருந்து படுத்தால் கைகள் சும்மா இருப்பதில்லை. ஒரு கையின் விரல்கள் மறு கையின் மணிக்கட்டை வளைத்துப் பார்க்கும். பிறகு முழங்கை. பிறகு கழுத்தெலும்பு. விடிந்துவிடும். விடிந்ததும் அம்மா விருத்தாம்பாள் பச்சை முட்டையும் நல்லெண்ணெயுமாக வந்து நிற்பாள். குடித்தது பாதி நாள் வயிற்றில் தங்காது. பகலில் உளுந்து புடைக்கும்போது முறத்தோடு கண் சொருகும். “வயசுப் பொண்ணுக்குப் பகல்ல இன்னாடி தூக்கம்?” என்று அம்மா உலுக்குவாள். பங்குனியில் இருந்த உடம்பும் சித்திரையில் இல்லை.

வைகாசியில் கரிக்கலாம்பாக்கத்துக்காரர்கள் வந்தார்கள். அன்றைக்கு விருத்தாம்பாள் பழைய நூல்புடவை ஒன்றை மடித்து மகளின் உடம்பில் சுற்றி, அதன்மேல் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டாள். கை தெரியாமலிருக்க முழங்கை வரைக்கும் ரவிக்கை.

“பொண்ணு பூசினாப்புல லட்சணமா இருக்குது” என்றார்கள் வந்தவர்கள். அப்போதே பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். அத்தனை பேர் சந்தோஷத்துக்கும் நடுவில், தையலம்மாள் யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்குப் பிடித்தது யாரை? அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால், தான் எங்கே போவது?

இன்று பரிசம். கூடம் நிறையத் தாம்பாளங்கள். உள்ளறையில், அதே பழைய புடவை சுற்றிய உடம்பு வேர்த்து ஊற்ற, தையலம்மாள் காத்திருந்தாள். பரிசப் புடவையை வாங்கிவந்து அம்மாவே கட்டிவிடுவதாக ஏற்பாடு. ஆனால் மாப்பிள்ளையின் அக்கா வள்ளியம்மாள் தாம்பாளத்தைக் கையைவிட்டுத் தரவில்லை.

“எங்க வூட்டு வழக்கம் அத்தே. பரிசப் பொடவைய நாத்தனார்தான் கட்டிவுடணும். நான் கட்டிவுட்டு எங்க வூட்டுக்கு ரெண்டு மருமவளுங்க வந்துட்டாங்க. ஒருத்திக்காச்சும் கொசுவம் அவுந்துதான்னு கேளுங்க.”

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். விருத்தாம்பாளும் சிரித்தபடியே உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சாத்தியதும் சிரிப்பு போய்விட்டது.

“தையலு, அவ உள்ள வந்தா எல்லாம் தெரிஞ்சிபூடும். கூச்சமா இருக்குது, நானே கட்டிக்கறேன்னு சொல்லிடு. நான் சொன்னா கேக்க மாட்டா. நீ சொன்னா வுட்டுடுவா.”

“அப்பறம்?”

“அப்பறம் இன்னா?”

“அவங்க வூட்டுக்குப் போனா, தெனமும் ரெண்டு பொடவையா கட்டறது?”

“கல்யாணம் ஆனா தானா உடம்பு வெச்சிடும்டி. எனக்கும் எங்கம்மா சுத்திதான் அனுப்பிச்சா. இப்ப இன்னா கெட்டுப்போச்சி?”

தையலம்மாள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். இத்தனை நாளில் அம்மா இதைச் சொன்னதே இல்லை.

“அங்க போயி தூங்கினியாம்மா?”

விருத்தாம்பாள் மகளின் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தாள்.

கதவுக்கு வெளியே வளையல் சத்தம் கேட்டது. “நாழியாவுது அத்தே.”

“சொல்லுடி” என்று அம்மா கெஞ்சினாள். “ஒரே ஒரு வார்த்த.”

“நான் சொல்ல மாட்டேம்மா, அவங்களே வந்து கட்டிவுடட்டும்” என்றாள் தையலம்மாள், வெளியே கேட்காத குரலில்.