சாயக் கோட்டுக்குப் பின்

சிப்பியின் வயதை அதன் ஓட்டிலுள்ள கோடுகளை எண்ணித்தான் சொல்ல முடியும். வருஷத்துக்கு எத்தனை கோடு விழும் என்பதில்தான் வில்லங்கமே. எங்கள் குடாவில் தண்ணீர் வருஷத்துக்கு இரண்டு முறை குளிர்கிறது. ஆகவே குளிருக்கு ஒன்றாக வருஷத்துக்கு இரண்டு கோடு என்று அடித்துச் சொன்னேன். சோதித்துப் பார்க்க நாற்பது சிப்பிகளுக்குச் சாயம் ஏற்றி, மேலே எண் ஒட்டிக் கடலில் விட்டிருந்தேன். ஒரு வருஷம் பொறுத்திருக்க வேண்டும். எங்கள் ஆய்வு நிலைய டைரக்டர் அவசரப்படுத்தினார், நானும் தலையாட்டிவிட்டேன். பத்துக் கோட்டுச் சிப்பிக்கு ஐந்தே வயது, எடுக்க எடுக்கச் சீக்கிரம் வளர்ந்துவிடும் என்று அறிக்கை போனது. சிப்பி எடுக்கக் குடாவைத் திறந்துவிட்டார்கள். அங்கே முக்குளிக்கிற முப்பது பேரில் என் அண்ணனும் ஒருவன்.

வருஷம் முடிந்து, இன்று காலை அண்ணனே அந்த நாற்பதையும் வாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். முதல் சிப்பியை அறுத்து, மெருகேற்றி, நீல விளக்கின் கீழ் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சாயம் ஏற்றிய நாளில் ஓட்டில் பதிந்த சாயக் கோடு பச்சையாக மின்னியது. அதற்குப் பின் இரண்டு கோடு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

லென்ஸைத் துடைத்தேன், விளக்கைத் திட்டினேன், அடுத்ததை அறுத்தேன். ஒன்று. பத்தாவதிலும் ஒன்று. இருபதாவதை இரண்டு முறை நழுவவிட்டுத்தான் அறுத்தேன், அதிலும் ஒன்றுதான். பயமென்றால் அப்படியொரு பயம். எழுந்துபோய்க் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்தேன். தாழ்போட்டால் மட்டும் இன்னொரு கோடு முளைத்துவிடுமா என்ன. பத்துக் கோட்டுச் சிப்பிக்குப் பத்து வயதேதான்.

அண்ணன் கதவைத் தட்டி, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டான். திறந்தேன். மென்று முழுங்காமல் சொல்லிவிட்டேன்.

"நான் சொன்னது தப்புண்ணா. வருஷத்துக்கு ஒரு கோடுதான். எல்லாரையும் நிறுத்தச் சொல்லு, மிச்சம் இருக்கறதை விட்டுடுங்க."

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் கேட்டான்.

"மிச்சம் ஏது? சீக்கிரம் வளந்துடும்னு நீதானே சொன்ன. போன வாரமே வழிச்சு எடுத்தாச்சு. உன் நம்பர் ஒட்டினதை மட்டும்தான் யாரும் தொடல."

வாளியைத் திரும்பிப் பார்த்தேன். குடாவில் மிஞ்சியிருந்தவற்றில் பாதியைக் காலையிலிருந்து நானே அறுத்துத் தள்ளியிருந்தேன். மீதி இருபதும் தண்ணீருக்குள் உயிரோடு வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தன. டைரக்டர் நாற்பதையும் கேட்பார், கேட்கட்டும். வாளியை அண்ணன் கையில் திணித்து, உடனே கடலில் விடச் சொன்னேன். படகுத்துறைவரை நானும் கூடவே போனேன், தண்ணீர் சிந்திவிடுமோ என்று பயந்துகொண்டே.